ஆர்ச்டீக்கன் என்றொரு பதவி
(கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் வழங்கிய வானொலி மறையுரை)



ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் கொண்டாடுகிறோம். இந்த நாள்களில் நாம் பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறோம், அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறார்கள். சேர்ந்து செபிக்கிறோம், சேர்ந்து பாடுகிறோம். செபம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் மனத்தில் கிடந்த கேள்விகள் வெளியே வரும். சென்ற ஆண்டு நம் பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இப்படிக் கேட்டார்: "சாமி, ஆர்ச்பிஷப்னா பேராயர்னு தெரியும். ஆர்ச்டீக்கன்னா யாரு? டீக்கன்னா சாமியாருக்குக் கீழதானே? பழைய மெட்ராஸ் புத்தகத்துல பார்த்தா குருமாருங்க எல்லாம் ஆர்ச்டீக்கனுக்கு அடங்கி நடந்திருக்காங்களே, அது எப்படி?"

நல்ல கேள்வி. அன்று நாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். இன்று முழுவதுமாகச் சொல்லிப் பார்ப்போம். ஏனெனில் அந்தப் பதவியின் கதையில் நம் இராயபுரத்துக் கடலும் வருகிறது, நம் தமிழர் ஒருவரும் வருகிறார்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடுவோம். நாம் 'பேராயர்' என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ. சகோதரர்கள் 'பேராயர்' என்றால் பிஷப், அதாவது நாம் 'ஆயர்' என்று சொல்பவர். அவர்களுடைய சபை முழுவதற்கும் தலைவராக இருப்பவர் 'பிரதமப் பேராயர்'. இது தெரியாமல், "அவங்களுக்கு மட்டும் எப்படி இத்தனை பேராயருங்க?" என்று நம்மில் பலர் வியந்திருக்கிறோம். ஆர்ச்டீக்கனுக்கு நம் தமிழில் 'தலைமைத் திருத்தொண்டர்' என்று சொல்லலாம். ஆனால் சென்னையில் அவரை யாரும் தமிழில் அழைத்ததாகத் தெரியவில்லை. ஆர்ச்டீக்கன் என்றே சொல்லிவந்தார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் நாம் அறிந்ததுதான். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைத்தார்கள் என்று முறையீடு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சோற்றுப் பங்கீட்டில் வந்த ஒரு மனக்குறையிலிருந்து பிறந்த பணி அது. அந்த எழுவரின் வழியில்தான் திருஅவையில் திருத்தொண்டர்கள் வந்தார்கள். பெரிய நகரங்களில் ஆயருக்குப் பக்கத்தில் பல திருத்தொண்டர்கள் இருந்தார்கள். காணிக்கைப் பெட்டி, ஏழைகளின் பட்டியல், கல்லறைகளின் பராமரிப்பு எல்லாம் அவர்கள் கையில். அவர்களில் மூத்தவர் ஆயரின் வலது கை ஆனார்.

ஆகஸ்ட் 10 அன்று நாம் விழா எடுக்கும் புனித லாரன்ஸ் அப்படிப்பட்டவர். 258ஆம் ஆண்டு உரோமையில் திருஅவையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி கேட்ட அதிகாரியிடம், ஏழைகளையும் நோயாளிகளையும் அழைத்துவந்து காட்டினார் என்று மரபு சொல்கிறது. பிற்காலத்தார் அவரைத் தலைமைத் திருத்தொண்டர் என்றே எழுதினார்கள்.

பணமும் பட்டியலும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் அதிகாரமும் வந்து சேரும். நம் ஊர்ச் சங்கங்களிலும் நாம் பார்க்கிறோமே, தலைவர் மாலை வாங்குவார், செயலாளர்தான் சங்கத்தை நடத்துவார். அப்படித்தான் ஆயது. 1073இல் ஏழாம் கிரகோரியாகத் திருத்தந்தை ஆன ஹில்டபிராண்ட், அதற்கு முன் உரோமையின் ஆர்ச்டீக்கன். தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் அவர் குருகூட அல்லர், திருத்தொண்டர்தான். அதற்குப் பிறகே குருப்பட்டம் பெற்றார். டிசம்பர் 29 அன்று நாம் நினைவுகூரும் புனித தாமஸ் பெக்கட்டும் 1154இல் கேண்டர்பரியின் ஆர்ச்டீக்கன் ஆனார். 1162இல் பேராயராக அருள்பொழிவு பெறுவதற்கு முந்தைய நாள்தான் அவர் குரு ஆனார். திருத்தொண்டர் ஒருவர் குருக்களை மேற்பார்வை செய்த நிலை இப்படித்தான் வந்தது. நம் பெரியவரின் கேள்விக்கு முதல் பாதி விடை இது.

அந்தக் காலத்தில் ஆர்ச்டீக்கனை 'ஆயரின் கண்' என்று அழைத்தார்கள். ஆயர் போக முடியாத கிராமங்களுக்கு அவர் குதிரையில் போவார். கோயில் கூரை ஒழுகுகிறதா, திருப்பலிப் பாத்திரங்கள் சரியாக இருக்கின்றனவா, குரு ஒழுக்கமாக இருக்கிறாரா என்று பார்ப்பார். பிறகு தனி நீதிமன்றமே வைத்தார். திருமண வழக்கு, உயில் வழக்கு, அபராதம் எல்லாம் அங்கே நடந்தன. அபராதம் என்று வந்தபின் அவர் பெயர் கெட்டுப்போனது. பெக்கட்டுக்கு நெருக்கமாக இருந்த சால்ஸ்பரி ஜான் என்ற அறிஞர், ஆர்ச்டீக்கன் ஒருவர் விண்ணகம் போக முடியுமா என்று தம் கடிதத்தில் கேலியாகக் கேட்டிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கத் திருஅவையில் அவர்களுடைய நீதிமன்ற அதிகாரத்தை வெட்டிக் குறைத்தது. அந்த வேலைகள் ஆயரின் முதன்மைக் குருவிடமும், மறைவட்ட முதன்மைக் குருவிடமும் போயின.

இங்கிலாந்துத் திருச்சபை அதற்குள் உரோமையை விட்டுப் பிரிந்துவிட்டது. திரிதெந்து சொன்னது அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே பழைய பதவியை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் ஆர்ச்டீக்கன் என்பவர் மூத்த குருவானவரே என்று ஆயிற்று. பெயரில் மட்டும் 'டீக்கன்' தங்கிவிட்டது. ஆயருக்கு அடுத்த நிலையில், மறைமாவட்டத்தின் ஒரு பகுதிக்கு அவர் பொறுப்பு. புதிய பங்குக்குரு பொறுப்பேற்கும்போது அவர் கையைப் பிடித்துக் கோயில் கதவின் மேல் வைப்பது ஆர்ச்டீக்கனின் வேலை. பிறகு அந்தக் குரு தாமே மணியடித்து ஊருக்கு அறிவிப்பார். ஆர்ச்டீக்கன் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழி நம் மொழியில் 'வணக்கத்துக்குரிய'. நம் திருஅவையில் அந்தப் பட்டம் கிடைக்க ஒருவர் முதலில் இறந்திருக்க வேண்டும். அதன்பின் அவருடைய வாழ்வை ஆராய்ந்து திருத்தந்தை ஏற்க வேண்டும். அவர்களிடத்தில் பதவி நியமனக் கடிதம் போதும். (சி.எஸ்.ஐ. நண்பர்கள் இதற்காக நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.)

இனி சென்னைக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியா ஆலயம் 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அதை அர்ச்சிக்க ஆயர் வரவில்லை. ஆங்கிலிக்கன் ஆயர் எவரும் அப்போது இந்தியாவில் இல்லை. இலண்டன் ஆயரின் அனுமதியோடு கோட்டைச் சேப்ளின்தான் அதைச் செய்தார். சேப்ளின் என்பவர் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த குருவானவர். அன்று தொடங்கி 135 ஆண்டுகள் சென்னை ஆங்கிலிக்கன் மக்கள் தங்கள் ஆயர் ஒருவரின் முகத்தையும் இந்த ஊரில் பார்க்கவில்லை. ஆயர் இல்லாமல் அவர்களுக்கு உறுதிப்பூசுதல் இல்லை, குருப்பட்டமும் இல்லை. இங்கே பிறந்து இங்கேயே இறந்த எத்தனையோ பேர் உறுதிப்பூசுதல் பெறாமலே போனார்கள்.

கம்பெனிக்கு அதில் கவலை இல்லை. ஆயர், மறைப்பணி என்று கிளம்பினால் உள்ளூர் மக்கள் கொதிப்பார்கள், வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. 1813இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும்போது ஆங்கிலேய நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டம் இயற்றியது. கல்கத்தாவில் ஓர் ஆயர். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று இடங்களிலும் ஆளுக்கு ஓர் ஆர்ச்டீக்கன். ஆயருக்கு ஆண்டுச் சம்பளம் 5,000 பவுன். ஆர்ச்டீக்கனுக்கு 2,000 பவுன். பணம் இங்கிலாந்திலிருந்து வரவில்லை. இந்தியாவில் கம்பெனி வசூலித்த வருமானத்திலிருந்து கொடுக்கச் சொன்னது சட்டம். நிலத்தீர்வை அதில் உண்டு. உப்பு வருமானமும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கம்பெனியின் தனியுரிமை. அப்படியென்றால், எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவரின் உழைப்பிலும் ஒரு கைப்பிடி அந்தச் சம்பளத்துக்குள் போயிருக்கும். அவர் ஆர்ச்டீக்கன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

முதல் ஆயர் தாமஸ் மிடில்டன் 1814 மே 8 அன்று இலண்டன் லாம்பெத் மாளிகைச் சிற்றாலயத்தில் ஓசையில்லாமல் அருள்பொழிவு பெற்றார். அன்றைய மறையுரையை அச்சிடக்கூட இல்லை. இந்தியாவில் வீண் கலக்கம் எழும் என்ற அச்சம். அவருடைய மறைமாவட்டத்துக்கு எல்லை எது? கம்பெனியின் நிலம் முழுவதும். 1817இல் இலங்கையும் சேர்ந்தது. 1824இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுக்கு ஓர் ஆர்ச்டீக்கன் பதவி உண்டானபோது அதையும் கல்கத்தா ஆயருக்குக் கீழேதான் வைத்தார்கள். சிட்னியில் ஒரு குருவைப் பற்றிப் புகார் என்றால் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுத வேண்டும்! இவ்வளவு பெரிய பரப்பில் ஓர் ஆயர் என்ன செய்ய முடியும்? மிடில்டன் ஒருமுறை தெற்கே வந்தார். 1816இல் இன்றைய புனித ஜார்ஜ் பேராலயத்தை அர்ச்சித்தார். மற்ற நாள்களில் சென்னைக்கு ஆயரின் கண்ணும் காதும் ஆர்ச்டீக்கன்தான்.

சென்னையின் முதல் ஆர்ச்டீக்கன் ஜான் மௌஸ்லி. 1815இல் பொறுப்பேற்றார், 1819இல் இங்கேயே இறந்தார். இரண்டாமவர் எட்வர்டு வான். மூன்றாமவர் தாமஸ் ராபின்சன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இவர்கள் எல்லாரும் எப்படிக் கரை ஏறினார்கள் என்பதை நம் பகுதி மக்கள் அறிய வேண்டும். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. 1861இல் இரும்புப் பாலம் போட்டார்கள்; துறைமுகச் சுவர் வேலை அதற்கும் பிறகு. அதுவரை கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். அலை மூன்று வரிசையாக அடிக்கும் இடத்தை எந்த ஆங்கிலேயப் படகும் தாண்டாது, தாண்டினால் உடையும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுதான் அந்த அலையில் வளைந்து கொடுத்துக் கரை சேரும். ஆளுநர் ஆனாலும் ஆயர் ஆனாலும் அந்தப் படகில்தான் ஏற வேண்டும். படகோட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மணலில் இறங்க வேண்டும். அந்தப் படகோட்டிகளில் பலர் நம் கத்தோலிக்க முன்னோர். இராயபுரத்தில் 1829இல் எழுந்த புனித இராயப்பர் ஆலயம் படகோட்டி மக்களின் ஆலயம். இராயப்பர் பெயரால்தான் இராயபுரம் என்று ஊர்ப்பெயரே வந்தது என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்டுக்கு 2,000 பவுன் வாங்கும் ஆர்ச்டீக்கனின் உயிர் அந்த அரை மணி நேரம் இவர்கள் துடுப்பில் இருந்தது. அவர் நனைந்து நடுங்கி இறங்கிய அதே கடற்கரையில், எந்தச் சட்டத்தின் சம்பளமும் இல்லாமல் இவர்கள் தங்களுக்கென்று ஓர் ஆலயம் எழுப்பினார்கள்.

ஆர்ச்டீக்கனின் நிலையும் அவ்வளவு சுகமானது அல்ல. அவருக்கு இரண்டு எசமானர்கள். ஆன்மிகக் காரியத்தில் கல்கத்தா ஆயருக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் அவர் மேற்பார்வை செய்ய வேண்டிய சேப்ளின்களை நியமிப்பது இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள். எந்தப் பாசறைக்கு யார் போக வேண்டும் என்று முடிவுசெய்வது இங்குள்ள அரசாங்கம். சேப்ளின்களை இடம் மாற்றுவதில் தம்மைக் கேட்பதே இல்லை என்று மிடில்டன் ஆயரே வருந்தினார். ஆயருக்கே அந்த நிலை என்றால் ஆர்ச்டீக்கனுக்கு? கோயில் கூரை ஒழுகினால் அரசாங்கத்துக்கு மனு. கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் வேண்டுமென்றால் அரசாங்கத்துக்கு மனு. புனித லாரன்ஸ் வைத்திருந்தது ஏழைகளின் பட்டியல். சென்னை ஆர்ச்டீக்கனின் மேசையில் கிடந்தவை அரசாங்கத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் கட்டுகள்.

இதில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. தஞ்சைப் பகுதியில் பிறந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர், புகழ்பெற்ற ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மறைப்பணி செய்தார். கல்வியில் குறையில்லை, ஒழுக்கத்தில் குறையில்லை. குருப்பட்டம் மட்டும் இல்லை. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். ஆயருக்கு அரசர் கொடுத்த அதிகாரப் பத்திரம் ஆங்கிலேய மக்களைக் குறித்தே எழுதப்பட்டது. இந்தியர் ஒருவருக்குப் பட்டம் கொடுக்க அது இடம் தருமா என்று மிடில்டன் ஐயுற்றார். எட்டு ஆண்டுகள் அவர் இந்தியாவில் ஆயராக இருந்தும் அந்தக் காரியம் நடக்கவில்லை. 1823இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் அந்த ஐயத்தை நீக்கியது. அடுத்த ஆயர் ரெஜினால்ட் ஹீபர் வந்ததும் தாவீது யாழ்ப்பாணத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பயணமானார். 1824இல் ஹீபர் அவருக்குப் பட்டம் அளித்தார். ஒரு தமிழர் பலிபீடத்தின் முன் முழந்தாளிட, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடாளுமன்றம் கூடிக் கையெழுத்திட வேண்டியிருந்தது!

பட்டம் பெற வருகிறவரை ஆயரிடம் முன்னிறுத்துவது ஆர்ச்டீக்கனின் வேலை என்று ஆங்கிலிக்கன் செபநூல் சொல்கிறது. நம் உரோமைச் சடங்கிலும் 1968 வரை அப்படி ஒரு பகுதி இருந்தது. 1824இல் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் டேனியல் கோரி. இவரைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். 1806இல் கம்பெனிச் சேப்ளினாக வந்தவர். சம்பளம் தந்த இடத்தோடு நில்லாமல் இந்திய மக்களோடு பழகினார். இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவரான அப்துல் மசீகைத் தம்மோடு ஆக்ராவுக்கு அழைத்துப்போனவர் அவர். அந்த அப்துல் மசீகுக்கும் ஹீபர் 1825இல் குருப்பட்டம் தந்தார்.

கோரியின் வாழ்வைப் பார்த்தால்தான் அந்தப் பதவி எதற்காக இருந்தது என்பது விளங்கும். இந்த வெயில் அந்த ஆயர்களை விட்டுவைக்கவில்லை. மிடில்டன் 1822இல் இறந்தார். ஹீபர் 1826இல். அடுத்து வந்த ஜேம்ஸ் 1828இல். வந்து எட்டு மாதம்கூட நிறையவில்லை. அவருக்கு அடுத்த டர்னர் 1831இல். ஒன்பது ஆண்டுகளில் நான்கு ஆயர்கள்! ஒருவர் இறந்த செய்தி கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேர மாதங்கள் ஆகும். அடுத்தவரைத் தேடி, அருள்பொழிவு செய்து அனுப்ப இன்னும் ஓராண்டுக்கு மேல். ஹீபருக்குப் பின், ஜேம்சுக்குப் பின், டர்னருக்குப் பின் என்று மூன்று முறை கோரியே பொறுப்பைத் தூக்கிச் சுமந்தார். ஆர்ச்டீக்கன் பதவி மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஆண்டுகளில் அச்சபை தலையில்லாத உடலாகக் கிடந்திருக்கும்.

ஹீபரின் கடைசிப் பயணம் நம் தமிழ்நாட்டில்தான். 1826 பிப்ரவரி இறுதியில் சென்னைக்கு வந்தார். கூட வந்த குருவானவர்தான் நாம் மேலே சொன்ன தாமஸ் ராபின்சன். பழைய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர். பின்னாளில் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியர். இருவரும் கடலூர், சிதம்பரம், கும்பகோணம் வழியே தஞ்சை போனார்கள். மார்ச் 26 அன்று உயிர்ப்புப் பெருவிழா. தமிழ் வழிபாட்டில் ஹீபர் தாமே தமிழில் ஆசீர் கூறினார். அந்தச் சில சொற்களை அதற்காகவே கற்றிருந்தார். ஏப்ரல் 3 காலை திருச்சியில் தமிழ் மக்களுக்கு உறுதிப்பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பினார். குளிக்க இறங்கியவர் உயிரோடு எழவில்லை. வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ராபின்சன் அந்தக் கடைசி நாள்களை ஒரு நூலாக எழுதினார். இரண்டு ஆண்டுகளில், 1828இல், அவரே சென்னையின் ஆர்ச்டீக்கன் ஆனார்.

1833 சாசனச் சட்டம் சென்னைக்குத் தனி ஆயர் தந்தது. 1835இல் அந்த முதல் ஆயராக வந்தவர் வேறு யாருமல்ல, டேனியல் கோரி. மசூலாப் படகில் இந்தக் கரையில் இறங்கி, ஒன்றரை ஆண்டுகூட ஆகாமல் 1837 பிப்ரவரியில் அவரும் இறந்தார். ஜார்ஜ் டவுனில் பிஷப் கோரி பள்ளி என்று இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். அந்தப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது.

ஆயர் உள்ளூரிலேயே வந்தபின் ஆர்ச்டீக்கனின் பழைய பெருமை குறைந்தது. பதவி மட்டும் அடுத்த நூற்றாண்டு வரை தொடர்ந்தது. அதை விரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டு, "அரசாங்கச் சம்பளம் வாங்கிய சபை" என்று நாம் சிரித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டுக் கதையும் அதே மாதிரிதான். 1606இல் அமைந்த மயிலை மறைமாவட்டத்துக்கு ஆயரைப் பெயர் குறிக்கும் உரிமை போர்ச்சுக்கல் அரசரிடம் இருந்தது. 1642 முதல் கோட்டையில் பணிசெய்த கப்புச்சின் துறவிகளோ நேரடியாக உரோமைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரே ஊரில் இரண்டு கத்தோலிக்க அதிகாரங்கள். எந்தக் குருவிடம் போவது, எந்தக் கோயிலின் சாவி யாரிடம் என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து நின்றார்கள். போர்ச்சுக்கல் அந்த உரிமையை விட்டது 1950இல். சென்னை–மயிலை என்று இரண்டும் ஒன்றானது 1952இல்.

ஆர்ச்டீக்கன் என்ற சொல்லும் நமக்கு அந்நியமானதல்ல. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களிடம் அந்தப் பதவி ஆங்கிலேயருக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அவர்களுக்கு ஆயர் மேற்காசியாவிலிருந்து வருவார், மொழி தெரியாது, பட்டம் கொடுப்பார், ஆசீர் கொடுப்பார். மக்களை நடத்துவது உள்ளூர்க் குடும்பத்திலிருந்து வந்த ஆர்ச்டீக்கன். 1599இல் உதயம்பேரூர் சங்கத்துக்குப் பின் கோவாவும் இயேசு சபை ஆயர்களும் அவருடைய அதிகாரத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். கடைசியில் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் ஆர்ச்டீக்கன் தோமாவின் தலைமையில் மக்கள் திரண்டு, இனி அவர்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஆணையிட்டார்கள். கூனன் குருசு ஆணை என்று அதைச் சொல்கிறார்கள். ஆயிரமாண்டுக் குடும்பம் அன்று உடைந்தது. இன்றும் முழுவதும் ஒட்டவில்லை. அந்த உடைப்பில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு என்பதை ஒன்றிப்பு வாரத்தில் சொல்லாமல் விட்டால் செபம் செய்து பயனில்லை. அதே திருவிதாங்கூர் மண்ணில் 1885இல் கோஷி கோஷி என்ற மலையாளி ஆங்கிலிக்கன் சபையின் ஆர்ச்டீக்கன் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர்.

சென்னையில் அந்தப் பட்டம் எப்படி மறைந்தது? 1930இல் இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்து அரசின் கட்டிலிருந்து சட்டப்படி விடுபட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழிந்த நிலையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஆயர் முறையை ஏற்றுக்கொண்டார்கள். ஆர்ச்டீக்கன் என்ற பட்டம் இங்கே வழக்கொழிந்தது. கடலுக்கு அக்கரையில் அது இருக்கிறது. இலங்கைத் திருச்சபையில் யாழ்ப்பாணத்துக்கு இன்றும் ஓர் ஆர்ச்டீக்கன் உண்டு. கிறிஸ்தியான் தாவீது பட்டமில்லாமல் காத்திருந்த அதே யாழ்ப்பாணத்தில், இப்போது தமிழ்க் குருக்களே அந்தப் பதவியில் இருக்கிறார்கள்.

நம் பெரியவர் விடவில்லை. "நம்ம சபையில அந்த வேலையை யாரு பாக்கறா?" என்றார். மறைவட்ட முதன்மைக் குரு. திருஅவைச் சட்டத்தின் 555ஆம் எண் அவர் கடமைகளைச் சொல்கிறது. பங்குப் பதிவேடுகள் சரியாக எழுதப்படுகின்றனவா, கோயில் சொத்து கவனமாகப் பேணப்படுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பங்குக்குரு நோயில் விழுந்தால் அவரைக் கவனிக்க வேண்டும். இறந்தால் தகுந்த முறையில் அடக்கம் நடக்கவும், பதிவேடுகளோ பாத்திரங்களோ காணாமல் போகாதிருக்கவும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவரும் ஒரு பங்குக்குருதான். தம் வேலைக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே மோட்டார் சைக்கிளை நுழைத்துக்கொண்டு வருவார்.

சென்ற முறை அவர் வந்தபோது நம் பழைய திருமுழுக்குப் பதிவேடு ஒன்றைக் கேட்டார். அலமாரியைத் திறந்தால் ஈரம் ஏறி, ஓரம் கறையான் தின்று, நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தாத்தா பெயர், தொழில் 'படகு' என்று எழுதிய பக்கங்கள் அவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை விசிறியைப் போடச் சொல்லி, உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து வைக்கத் தொடங்கினார்.